நாட்டு முட்டையா கடை முட்டையா, எப்படி பாக்குறது?

மொதல்ல ஓட்டு கலரை நம்பாதீங்க. அது கோழியோட இனத்தைப் பொறுத்தது, எங்க வீட்டுலயே ஒண்ணு பழுப்பா இடுது இன்னொண்ணு கிட்டத்தட்ட வெள்ளையாவே இடுது, இதுல சில எடத்துல பண்ணை வெள்ளை முட்டைய டீ டிகாஷன்ல முக்கி நாட்டு முட்டைன்னு டபுள் ரேட்டுக்கு தள்ளி விடுறாங்க. ஈரத்துணியால அழுத்தி தொடைங்க, துணில கலர் ஒட்டுனா சாயம்தான்.

அடுத்து சைஸ். நாட்டு முட்டை சின்னது, 40 கிராம் பக்கம்தான் வரும், நாமக்கல் முட்டை 50க்கு மேல நிக்கும்.

ஒடச்சுப் பாத்தா மஞ்சக்கரு நல்லா ஆரஞ்சா இருந்தா கீரை, புல்லுன்னு மேஞ்ச கோழி. ஆனா மக்காச்சோளம் நெறைய போட்டா பண்ணைலயும் அந்த கலர் வரும், அதனால இது மட்டும் போதாது. புரோட்டீன்ல பெரிய வித்தியாசம் இல்லங்க, ருசிதான் வேற.

புதுசான்னு பாக்க தண்ணில போடுங்க, படுத்தா புதுசு, செங்குத்தா நின்னா பழசு, மெதந்தா தூக்கிப் போடுங்க.

ஒண்ணு, நேத்து இட்ட முட்டைய அவிச்சா தோலு உரியவே உரியாது, பாதி வெள்ளக்கரு ஓட்டோட போயிரும். அவிக்கிறதுக்கு ஒரு வாரம் ஆனதா எடுங்க, புதுசு ஆம்லெட்டுக்கு.