மியூசிகல் தியேட்டர் காலேஜ் தேடறீங்களா, குரல் யார் கையில போகப்போகுதுன்னு மொதல்ல பாருங்க

புள்ள ஹைஸ்கூல்ல ஜூனியர் இயர் (11-வது) வந்தாச்சு, அமெரிக்காவுலயே மியூசிகல் தியேட்டர்தான் (பாட்டு, டான்ஸ், நடிப்பு மூணும் சேந்த மேடை நாடகம்) படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குதுன்னா வீட்ல எல்லாரும் மொதல்ல தேடறது டாப் 10 லிஸ்ட்தான். மிச்சிகன், கார்னகி மெல்லன், சின்சினாட்டி யூனிவர்சிட்டியோட மியூசிக் காலேஜ் சிசிஎம் இதெல்லாம் எந்த லிஸ்ட்லயும் வரும், நல்ல இடங்கதான், அதுல பேச்சே இல்ல. ஆனா குரலைத் தேத்திக்கத்தான் போறோம்னா, நாலு வருஷமும் வாரா வாரம் ஒரு சின்ன ரூம்ல ஒரு டீச்சர்கிட்டதான் அந்தக் குரலை ஒப்படைக்கப் போறோம், அவங்க யாரு, எவ்ளோ நேரம் தர்றாங்கன்னு பாக்காம வேற எதைப் பாத்தும் பிரயோஜனம் இல்ல.

டிகிரி பேரைப் பாத்தாலே பாதி தெரிஞ்சிரும். பிஎஃப்ஏ (பேச்சலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்)ன்னா நடிப்பு, டான்ஸ், பாட்டு மூணுக்கும் நேரம் பங்கு போட்டுக்கும். பிஎம் (பேச்சலர் ஆஃப் மியூசிக்)னா அது மியூசிக் டிகிரி, தியரி, காதுப் பயிற்சி, பியானோ எல்லாம் கட்டாயம் இருக்கும், ஓக்லஹோமா சிட்டி யூனிவர்சிட்டியும் ஓஹையோவுல பால்ட்வின் வாலஸும் அந்த ரகம். என்ஒய்யூல, அதாவது நியூயார்க் யூனிவர்சிட்டில, ரெண்டு வாசல் இருக்கு, ஸ்டைன்ஹார்ட்ங்கற ஸ்கூல்ல போனா வோக்கல் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துலேர்ந்து பிஎம், டிஷ்ங்கற ஸ்கூல்ல போனா டிராமா பிஎஃப்ஏ, ரெண்டும் வேற வேற படிப்பு, ஒண்ணுன்னு நெனச்சு அப்ளை பண்ணிடாதீங்க. பிஏ வேற மேஜரும் சேத்துப் படிக்க வசதி, ஆனா தனி லெசன் உண்டா, அதுக்குத் தனி ஃபீஸா, எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

அடுத்தது லெசன். வாரத்துக்கு அரை மணி நேரமா ஒரு மணி நேரமா, எட்டு செமஸ்டருக்கும் உண்டா, இந்த ரெண்டையும் நேரா கேளுங்க. அரை மணி நேரத்துல வார்ம் அப் முடிஞ்சு பாட்டைத் தொடறதுக்குள்ள கதவைத் தட்டிருவாங்க. சொல்லித் தர்றது ஃபுல் டைம் ஃபேகல்டியா, வெளியிலேர்ந்து வந்து போறவங்களா, அங்கயே மேல்படிப்பு படிக்கற கிராட் ஸ்டூடண்டா? கிராட் ஸ்டூடண்ட்னா உடனே வேணாம்னு சொல்லிடாதீங்க, பென் ஸ்டேட்ல மியூசிகல் தியேட்டர் குரல் சொல்லித் தர்றதுக்குன்னே எம்எஃப்ஏங்கற மாஸ்டர்ஸ் படிப்பு வெச்சிருக்காங்க, அந்த மாதிரி இடத்துல அவங்களுக்கு மேல ஒரு சீனியர் உக்காந்து கேக்கறாங்களான்னு மட்டும் பாருங்க. வாய்ஸ் டீச்சர் வேற, கோச் வேற, டீச்சர் குரலைக் கட்டறவங்க, கோச் அந்தப் பாட்டைச் செதுக்கறவங்க, ரெண்டு பேரும் வேணும். ஒத்து வரலேன்னா டீச்சரை மாத்திக்க வழி இருக்கான்னும் கேட்ருங்க, படிக்கற புள்ளைங்க கிட்ட கேட்டாதான் நெஜமான பதில் வரும்.

நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். அஞ்சரைக் கட்டையில வருஷக்கணக்கா கர்னாடக சங்கீதம் பாடிட்டு வர்ற பொண்ணுக்கு சுருதி, தாளம், காது, மனப்பாடம் எல்லாம் கெட்டியா இருக்கும், முழுக் குரல்ல தாரஸ்தாயி வரைக்கும் போயே பழக்கம், அதனால பெல்ட் பாட்டுக்கு, அதாவது நெஞ்சுக் குரலை மேல வரைக்கும் ஓங்கிப் பாடறதுக்கு, அடித்தளம் ரெடி. சிக்கல் எங்கன்னா ஹெட் வாய்ஸ், மேல போகும்போது லேசா மெலிசா வர்ற குரல். கள்ளக்குரல்னு சொல்லிச் சொல்லியே அந்தப் பக்கம் போக விட்ருக்க மாட்டாங்க, இங்க பழைய பிராட்வே (நியூயார்க்கோட பெரிய தியேட்டர்கள்) பாட்டு, லெஜிட்னு சொல்றது, அந்தக் குரல்லதான் நிக்குது, நெஞ்சுக் குரலும் ஹெட் வாய்ஸும் கலந்து நடுவுல இருக்கற மிக்ஸும் அது இல்லாம வராது. அதனால சாம்பிள் லெசன் ஒண்ணு கேட்டு வாங்குங்க, நிறைய டீச்சர்ஸ் குடுக்கறாங்க, சிலர் காசு வாங்குவாங்க, குடுக்கலாம். நடு சி-க்கு மேல வர்ற ஏ-லேர்ந்து அதுக்கு மேல டி வரைக்கும் ஏறும்போதுதான் நெறைய பொண்ணுங்களுக்குக் குரல் உடையும், அந்த இடத்துல டீச்சர் என்ன பண்றாங்கன்னு உன்னிப்பா பாருங்க. நல்ல டீச்சர் சத்தத்தைக் கொறைக்கச் சொல்லி, "ங்"ல மெதுவா வழுக்கிட்டு ஏற வெச்சு, வவலை (உயிரெழுத்து ஒலியை) கொஞ்சம் மாத்தி, திரும்ப அதே வரிய பாட வெச்சுக் கேப்பாங்க. "சப்போர்ட் பண்ணு, இன்னும் காத்து குடு"ன்னு மட்டும் சொல்லிட்டே இருக்கறவங்க கிட்ட வேணாம். லெசன் முடிஞ்சு தொண்டை கரகரன்னு இருந்தா அந்த இடம் எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் வேணாம்.

சீனியர்ஸோட ஷோகேஸ் (கடைசி வருஷப் பசங்க பாடிக் காட்டற நிகழ்ச்சி) வீடியோ பெரும்பாலும் யூடியூப்லயே கெடைக்கும், ஒருத்தர் விடாம கேளுங்க. எல்லாரும் ஒரே குரல்ல பாடற மாதிரி இருந்தா அங்க அச்சு வெச்சு வாக்கறாங்கன்னு அர்த்தம், ஆளுக்கு ஒரு நிறம் தெரிஞ்சா நல்ல ஸ்டூடியோ (ஒரு டீச்சர்கிட்ட படிக்கற குழுவை இப்படித்தான் சொல்றது).

பிராட்வேல வாரத்துக்கு 8 ஷோ, அதைத் தாங்கற குரல் வேணும்னா காலேஜ்லயே குரலைப் பாத்துக்கக் கத்துக்கணும். பகல் பூரா டான்ஸ், நடிப்பு கிளாஸ், ராத்திரி ரிகர்சல்னு ஓடும்போது குரல் கம்மிப் போனா என்ன ஏற்பாடு, தொண்டை ஸ்பெஷலிஸ்ட் கிட்ட அனுப்பி சின்ன கேமராவால தொண்டைக்குள்ள ஸ்கோப் போட்டுப் பாக்கறாங்களா, பாடாம ஓய்வு எடுத்தா மார்க் போகுமா, கூச்சப்படாம கேளுங்க. சில இடத்துல ஃபர்ஸ்ட் இயர் பசங்களை ஸ்டேஜ் ஏத்த மாட்டாங்க, புள்ளைங்களுக்கு வருத்தமா இருக்கும், குரலுக்கு நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். ரெண்டாவது வருஷம் முடிஞ்சு ஆளைக் கழிக்கற வழக்கம் இருக்கான்னு கண்டிப்பா விசாரிங்க.

ஒரு வருஷத்துக்கு நெறைய இடத்துல 20 பேர் பக்கம்தான் எடுப்பாங்க, அதனால ஒண்ணு ரெண்டு காலேஜை நம்பி உக்காராதீங்க. ஃபால்ல முதல் கட்டத் தேர்வுக்கு ப்ரீஸ்க்ரீன் வீடியோ அனுப்பணும், தேறினா ஜனவரி, பிப்ரவரியில நேர்ல ஆடிஷன், நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ்ல யூனிஃபைட்ஸ்னு நெறைய காலேஜ் ஒண்ணா உக்காந்து பாப்பாங்க. பாட்டு பெரும்பாலும் ரெண்டு, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்தான். பியானோ வாசிக்கறவருக்கு ஷீட் மியூசிக்ல எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு பளிச்சுனு குறிச்சுக் குடுங்க, ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாத புள்ளைன்னா இந்த சம்மர்லயே ஆரம்பிச்சிருங்க.

சீட் கெடைச்சப்புறம் மே 1-க்குள்ள பதில் சொல்லணும்னு இருக்கும். அதுக்கு முன்னாடி யார் ஸ்டூடியோவுல போடப் போறீங்கன்னு மெயில் போட்டுக் கேளுங்க, முடிஞ்சா அந்த டீச்சரோட ஒரு லெசன்ல போய் உக்காந்து பாத்துட்டு டெபாசிட் கட்டுங்க.