டிவிக்கும் பாட்டுக்கும் ஒரே ஸ்பீக்கர்

சேலம் அஸ்தம்பட்டி வீட்டு ஹாலுக்கு முதல் ஆடியோ செட் தேடி ஐந்து ரோடு பக்கம் கடை கடையாக ஏறினேன். எல்லோரும் டிவிக்குக் கீழே வைக்கும் ஒற்றை நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரையே காட்டினார்கள். எங்கள் வீட்டில் சீரியலைவிடப் பாட்டுதான் அதிகம் ஓடும். இடம், வலம் தள்ளி வைத்தால்தான் பாட்டு விரியும். அதனால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கரை எடுத்தேன்.

முதலில் டிவியைப் புளூடூத்தில் இணைத்தோம். வாய் அசைந்த பிறகு வசனம் வந்தது. ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் ஆகும் தாமதம் அது. பாட்டு மட்டும் கேட்டால் தெரியாது, படத்தில் உறுத்தும்.

சரி என்று, ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள் போட்டேன். செய்தி சேனல் பேசியது, ஓடிடி படம் மட்டும் ஊமை! ஓடிடி ஒலி பெரும்பாலும் டால்பி என்ற சுருக்கிய வடிவில் போகிறது. இந்த ஸ்பீக்கருக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவி செட்டிங்ஸில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றியதும் சத்தம் வந்துவிட்டது. இப்போது டிவியே பிரித்து ஸ்டீரியோவாக அனுப்புகிறது.

அப்புறம், ஆப்டிகலில் பெரும்பாலும் டிவி ரிமோட் சத்தத்தைக் கூட்டிக் குறைக்காது. அதற்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவி ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வாங்கிக்கொள்ளும் வசதி) உள்ள ஸ்பீக்கர் வேண்டும், விலையும் கூடும். இரண்டு ரிமோட்டா என்று அம்மாவுக்கு இன்னும் எரிச்சல்தான்.