பால்சா மரப் பயிற்சி விமானம்: முறுக்கில்லாத இறக்கையும் சரியான ஈர்ப்பு மையமும்

பெட்டியைத் திறந்த அன்றே பறக்கவிடக்கூடிய ரேடியோ விமானங்கள் இன்று நிறையக் கிடைக்கின்றன. ஆனாலும், லேசரில் வெட்டிய பால்சா துண்டுகளும் ஒரு வரைபடமும் மட்டுமே உள்ள கிட் ஒன்றை வாங்கி, சட்டகம் முதல் மேலுறை வரை தம் கையால் கட்டி முடிப்பவருக்கு, விமானம் எதனால் நேராகப் பறக்கிறது, விழுந்தால் எங்கே முறிகிறது, முறிந்ததை எப்படி ஒட்டுவது என்பவை எல்லாம் வேலையோடு வேலையாகவே விளங்கிவிடும். முதல் விமானத்தைக் கிட்டிலிருந்தே கட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது, இறக்கை உடலுக்கு மேலே அமைந்த, நான்கு சேனல் (தனித்தனியே இயக்கக்கூடிய நான்கு கட்டுப்பாடுகள்) கொண்ட, மின்மோட்டாரில் இயங்கும் பயிற்சி விமானம். இறக்கை முனைக்கு முனை ஏறத்தாழ 1400 மி.மீ., முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 200 மி.மீ., பேட்டரியோடு சேர்த்து எடை 1.3 கிலோ அளவில் இருக்கும். கனெக்டரைப் பற்றவைப்பது, ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு இணைப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு அவற்றை விட்டுவிடுகிறேன்.

கருவிகள்

மிக முக்கியமான கருவி பலகைதான். இறக்கை எந்தப் பலகையின்மேல் கட்டப்படுகிறதோ அந்தப் பலகையின் வளைவு அப்படியே இறக்கைக்கு வந்துவிடும். கடையில் கிடைக்கும் பிளைவுட் பெரும்பாலும் சற்றேனும் வளைந்திருக்கும் என்பதால், பழைய ஃப்ளஷ் கதவு ஒன்றையே நான் விரும்புவேன். அதன்மேல் நீளமான அலுமினியக் குழாயைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் வேறு பலகையைத் தேடுங்கள். பலகைமேல் வரைபடத்தை ஒட்டி, பசை பிடிக்காதிருக்க மெல்லிய பாலிதீன் தாளை விரித்துக்கொள்ள வேண்டும்.

பசையைப் பொறுத்தவரை, தொடங்குபவர்கள் எல்லா இடத்திலும் சூப்பர் குளூ எனப்படும் மெல்லிய சயனோ பசையையே ஊற்றிவிடுகிறார்கள். அது நொடியில் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் திருத்த இடமே இராது. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான விலாக்கள், அவற்றை மூடும் மெல்லிய உறைப்பலகை ஆகியவற்றுக்கு வெள்ளை நிற மரப்பசையே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. ஃபெவிக்கால் போதும். சற்று நேரம் அசைத்துச் சரிசெய்யலாம்; காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பதும் எளிது. மோட்டார் தாங்கும் பிளைவுட் சுவர், இறக்கையின் நடு இணைப்பு, சக்கரக் கம்பி பொருந்தும் இடம் ஆகிய மூன்றுக்கும் 30 நிமிட எப்பாக்ஸி வேண்டும். ஐந்து நிமிட எப்பாக்ஸி மரத்துக்குள் ஊறுவதற்குள் இறுகிவிடுவதால், பாரம் தாங்கும் இணைப்புகளுக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை.

உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மென்மரத்தில் பள்ளம் விழும். நேரான அலுமினியப் பட்டையில் 120, 240 எண் தாள்களை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுகளை பால்சாத் தகட்டிலிருந்து பிரிக்கும் முன் ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் எழுதிவிட வேண்டும். பால்சா எல்லாம் ஒரே எடை அல்ல. ஒரு கன மீட்டர் 100 கிலோவாகவும் இருக்கும், 200 கிலோவாகவும் இருக்கும். ஒரே அளவுள்ள துண்டுகள் பல இருந்தால், கனமானதை முன்பக்கத்துக்கும் லேசானதை வாலுக்கும் ஒதுக்குங்கள். ஏன் என்பது ஈர்ப்பு மையத்துக்கு வரும்போது தெரியும்.

இறக்கை

இந்த வேலை முழுவதிலும் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். இத்தகைய விமானங்களின் இறக்கை வடிவம் பெரும்பாலும், 1922-இல் வர்ஜினியஸ் கிளார்க் வடிவமைத்த கிளார்க் ஒய் வடிவத்தையோ அதைத் தழுவிய ஒன்றையோ கொண்டிருக்கும். அதன் அடிப்பகுதி, முன்விளிம்பிலிருந்து 30 விழுக்காட்டுக்குப் பின்னால் தட்டையாக இருப்பதால், பலகைமேல் வைத்துக் கட்டுவது எளிது. ஆனால் அந்த 30 விழுக்காட்டுக்கு முன்னால் அடிப்புறம் மேல்நோக்கி வளைகிறது. எனவே முன்விளிம்புக் கட்டை பலகையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். அதை அப்படியே விட்டால் விலாவுக்கு விலா உயரம் மாறிப்போகும். வரைபடத்தின் பக்கத்தோற்றத்திலிருந்து அந்த இடைவெளியை அளந்து, அதே உயரமுள்ள மரச்சட்டத்தை முன்விளிம்பின் அடியில் நெடுக வைத்துக் குண்டூசியால் நிறுத்துங்கள்.

இறக்கையின் நீளவாக்கில் ஓடிப் பாரம் தாங்கும் சட்டம்தான் ஸ்பார். அடி ஸ்பாரைப் பொருத்தி, விலாக்களை ஒவ்வொன்றாக மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, பின்விளிம்பையும் மேல் ஸ்பாரையும் ஒட்டியபின், இரு ஸ்பார்களுக்கும் நடுவே சிறு தடுப்புப் பலகைகள் வரும். அவற்றின் மர இழை மேலும் கீழுமாக நிற்க வேண்டும். படுக்கையாக ஒட்டினால் வலிமையில் பெரும்பகுதி போய்விடும்.

இதுவரை இறக்கை கையால் முறுக்கினால் முறுகும். முன்விளிம்புக்கும் ஸ்பாருக்கும் இடையே மேலும் கீழும் மெல்லிய பால்சா உறை ஒட்டி மூடியவுடன், அந்தப் பகுதி மூடிய குழாய்போல் ஆகி, அதன்பின் எளிதில் முறுகாது. அந்த நொடியில் இறக்கையில் எவ்வளவு முறுக்கு இருந்ததோ அது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். ஆகையால் மேற்புற பால்சா உறையை ஒட்டும்போது இறக்கை பலகையிலேயே, குண்டூசிகள் பிடுங்கப்படாமல் இருக்க வேண்டும். கையில் தூக்கி வைத்துக்கொண்டு ஒட்டவே கூடாது. மரப்பசை தடவி, உறையை அமர்த்தி, மேலே மணல் நிரப்பிய சிறு பைகளை வரிசையாக வைத்து, ஓர் இரவு முழுவதும் தொடாமல் விடுங்கள்.

முறுக்கே இல்லாத இறக்கையைவிடவும், முனைகளில் பின்விளிம்பு சற்றே உயர்ந்த இறக்கை தொடக்கநிலைக்கு நல்லது. வேகம் குறைந்து தாங்குவிசை இழக்கும் நேரத்தில், முதலில் நடுப்பகுதி தளரும். முனைகள் இன்னும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால் விமானம் திடீரென ஒரு பக்கம் சாய்ந்து சுழலாது. 200 மி.மீ. அகலத்துக்கு 1.5 டிகிரி என்றால், மேற்புற பால்சா உறையை ஒட்டும்முன்பே முனையில் பின்விளிம்பின் அடியில் 5 மி.மீ. உயரம் கொடுக்க வேண்டும். அது நடுவை நோக்கிச் சீராகக் குறைந்து, உடலோடு சேரும் இடத்தில் ஒன்றுமில்லாமல் போக வேண்டும். இரண்டு முனைகளிலும் இந்த அளவு ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஒன்றில் 5, மற்றதில் 2 என்றால், வேகம் மாறும்போதெல்லாம் விமானம் உருளப் பார்க்கும். டிரிம் விசையால் ஒரு வேகத்தில் அதைச் சரிசெய்யலாம். எல்லா வேகத்திலும் சரிசெய்ய முடியாது.

சோதிக்கும் முறை எளிது. நேரான இரண்டு அலுமினியப் பட்டைகளை எடுத்து, ஒன்றை இறக்கையின் நடு விலாவின் மேலும் மற்றதை முனை விலாவின் மேலும் வைத்து, முனைக்கு வெளியே நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரு பட்டைகளுக்கும் இடையேயான கோணம் கண்ணுக்கே தெரியும். ஒரு டிகிரி வேறுபாடுகூட நீண்ட பட்டையில் தெளிவாகப் புலப்படும்.

அடுத்து இரு பாதிகளையும் இணைப்பது. எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) உள்ள விமானத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 3 டிகிரி மேல்நோக்கிய சாய்வு போதும், 700 மி.மீ. நீளப் பாதிக்கு அது ஏறத்தாழ 37 மி.மீ. உயர்வாகும். வரைபடம் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

உடலும் வாலும்

உடலின் பக்கப் பலகைகள் இரண்டையும் உட்புறம் மேலாக அருகருகே வைத்து, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கிறதா என்று பார்த்தபின் உள்வலுவூட்டும் பிளைவுட்டை ஒட்டுங்கள். இல்லையேல் இரண்டும் இடப்பக்கமாகவே முடிந்துவிடும். மோட்டார் சுவர் வலப்புறமும் கீழ்நோக்கியும் இரண்டு டிகிரி போலச் சாய்ந்திருப்பது வெட்டுப்பிழை அன்று. இழுவிசையின் பக்கவிளைவுகளைச் சமன்செய்ய வடிவமைத்தவர் வைத்தது, அதை நேராக்கிவிடாதீர்கள்.

வாலை ஒட்டும்முன், மூக்கின் நடுக்கோட்டில் ஒரு குண்டூசி குத்தி, அதிலிருந்து நூல் பிடித்து வால் இறக்கையின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பின்னால் சில அடி தள்ளி நின்று, வால் இறக்கையும் முதன்மை இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா என்றும் பாருங்கள்.

உறையிடுதல்

இனி வருவது, சட்டகத்தின்மேல் சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் மேலுறை. வாலை ஒட்டும் இடத்தில் இது இருக்கக் கூடாது. பசை மரத்தோடு மரத்தைப் பிடிக்க வேண்டும். அங்கே உறையைக் கத்தியால் அறுக்கும்போது அடியிலுள்ள பால்சாவிலும் கீறல் விழும். பறக்கும்போது வால் இறக்கை சரியாக அந்தக் கீறலில்தான் முறியும். சால்டரிங் அயனின் சூடான நுனியை அளவுகோலை ஒட்டி இழுத்தால், உறை உருகிப் பிரியும், மரம் பிழைக்கும்.

ஓரகவர் வகை உறை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் ஒட்டும், 150 டிகிரியில் சுருங்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டியாலும் செய்யலாம் என்றாலும், வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கும் உறையிடுவதற்கான சிறிய இஸ்திரிப் பெட்டியை வாங்குவது வீண் செலவு ஆகாது. அடிப்புறத்தை முதலில் மூடி, பின்னர் மேற்புறத்தை மூடுங்கள். முதலில் ஓரங்களை மட்டும் குறைந்த சூட்டில் ஒட்டி, அதன்பிறகே சூட்டைக் கூட்டி நடுவைச் சுருக்க வேண்டும். ஒரே பக்கத்தை முழுதாகச் சுருக்கிவிட்டு மறுபக்கம் போனால், அந்த இழுப்பே இறக்கையை முறுக்கிவிடும். மாற்றி மாற்றிச் சுருக்கி, முடிந்ததும் அலுமினியப் பட்டைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வேண்டிய அளவிலிருந்து மாறிச் சிறிது முறுக்கு தெரிந்தால், இறக்கையை எதிர்த்திசையில் கையால் பிடித்துக்கொண்டே உறையைச் சூடாக்கி, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தால் சரியாகும்.

மின்சாதனங்கள்

பயிற்சி விமானத்துக்கு ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 வாட் வரை போதும். நம் விமானத்துக்கு 3 செல், 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரியும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 40 ஆம்பியர் இ.எஸ்.சி.யும், 10 அங்குல புரொப்பெல்லரும் பொருந்தும். மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம்மாற்றினால் போதும். மேசைமேல் செய்யும் எல்லாச் சோதனைக்கும் புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள்; அது விரலை எலும்பு வரை வெட்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்புறம் தள்ளினால், வல இறக்கையின் எய்லரான் மேலே எழ வேண்டும். குச்சியை உங்களை நோக்கி இழுத்தால், வால் இறக்கையின் பின்மடலான எலிவேட்டர் மேலே எழ வேண்டும். எய்லரான், எலிவேட்டர் இரண்டுக்கும் இரு பக்கமும் 10 முதல் 12 மி.மீ. அசைவு தொடக்கத்துக்குப் போதுமானது.

ஈர்ப்பு மையம்

இறக்கை அகலத்தில் 25 முதல் 30 விழுக்காட்டில், அதாவது முன்விளிம்பிலிருந்து 50 முதல் 60 மி.மீ. தூரத்தில் இது அமைய வேண்டும். முதல் பறத்தலுக்கு 50-ஐ ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பொருத்தி, இறக்கையின் அடியில் அந்த இடத்தில் இரு விரல் நுனிகளால் தாங்கிப் பாருங்கள். மூக்கு மட்டமாகவோ மிகச் சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் முதலில் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். இடம் போதாவிட்டால் மட்டுமே மூக்கில் ஈயம் சேர்க்கலாம். வால், ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கைவிட இரண்டு மூன்று மடங்கு தள்ளி இருப்பதால், வாலில் கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் சேர்க்க வேண்டியிருக்கும். லேசான மரத்தை வாலுக்கு ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்தியாவில் பறக்கவிடுபவர்கள், களத்துக்குப் போகுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி அங்கே 400 அடி உயரம் வரை முன்னனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடி. முதல் பறத்தலில் அனுபவமுள்ள ஒருவர் உடனிருப்பது அவசியம்.

பின்சேர்க்கை

இந்தக் குறிப்பைப் பார்த்துக் கட்டியவர்கள் எழுதிய சில சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன். இரண்டு எய்லரான்களும் ஒரே நேரத்தில் மேலே எழுகின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஒய் வடிவக் கம்பியில் இணைத்த இரு சர்வோக்களின் (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) அச்சுகளும் ஒரே பக்கம் நோக்கியிருந்தால் இப்படித்தான் ஆகும். ஒன்று இடமுனையையும் மற்றது வலமுனையையும் நோக்கும்படி திருப்பிப் பொருத்துங்கள். அல்லது ஒய் கம்பியை விட்டுவிட்டுத் தனித்தனிச் சேனலில் இணையுங்கள். எனக்கு இரண்டாவது வழியே பிடித்தம்.

சயனோ பசையால் ஒட்டி மடல்களைத் தாங்கும் கீல் கழன்றுவருகிறது என்பது மற்றொன்று. கீலுக்கு மெல்லிய சயனோதான் ஊறும். கெட்டியானது மேலேயே நின்றுவிடும். பிளவின் வாயில் மேலுறை மூடியிருந்தாலும் ஊறாது. உறையைச் சற்று நீக்கி, இரு பக்கமும் சில துளிகள் விட்டு, பசையை உடனே இறுக்கும் ஆக்டிவேட்டர் தெளிக்காமல் தானாக இறுக விடுங்கள். பிறகு ஒவ்வொரு கீலையும் நன்றாக இழுத்துப் பார்த்தே களத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் உறையிட்டவர்கள், வெயில் வந்ததும் உறை தளர்ந்து சுருக்கம் விழுந்ததாகச் சொன்னார்கள். ஈரம் உறிஞ்சியிருந்த மரம் காய்ந்து சுருங்கியதே காரணம். உறையிடுமுன் சட்டகத்தை உலர்ந்த அறையில் மின்விசிறியின் கீழ் சில நாட்கள் வைத்திருங்கள். ஏற்கெனவே தளர்ந்துவிட்டதென்றால் மறுபடி சூடாக்கிச் சுருக்கலாம். சுருக்கியபின் அலுமினியப் பட்டைகளை எடுத்து இறக்கையின் முறுக்கை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும்.