எஃப்.சி.க்குப் போகும் பழைய கார்: பெயிண்ட் கடைசி வேலை

போன வாரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி பத்துப் பன்னிரண்டு கைமாறிய மாதிரி இருந்த ஒரு ஆல்ட்டோவை என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறதாம். 15 வருடம் முடியப்போகிறது, ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்க வேண்டும். அதற்கு எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ் வேண்டும். "அண்ணே, ஃபுல் பெயிண்ட் அடிச்சாச்சு, டயரும் மாத்தியாச்சு. எஃப்.சி. எடுத்துக் குடுத்தா போதும்" என்றார். வெளியே பளபளவென்றுதான் இருந்தது. முன் சீட்டுக்குக் கீழே ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அடியில் இருந்த துணி சொதசொதவென்று ஈரம். கட்டைவிரலால் அழுத்தினால் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஓட்டை வழியே பட்டறைத் தரை தெரிந்தது.

எஃப்.சி.க்கு முன் பார்க்க வேண்டியவற்றில் ஹாரன், வைப்பர், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

முதல் வேலையாகப் பெயிண்ட் அடிப்பது

இதே தப்பை 2006-இல் நான் செய்தேன். நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு 1991 மாடல் மாருதி 800 வாங்கினேன். எஃப்.சி.க்கு வண்டி பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து, கையில் இருந்த பணத்தையெல்லாம் பெயிண்டிலேயே போட்டேன். பெயிண்ட் அடித்தவர் பானெட்டுக்குள்ளும் சுத்தம் செய்கிறேன் என்று, சேஸ் நம்பர் (வண்டியின் அடையாள எண்) பொறித்திருந்த தகட்டின் மேலேயே தேய்ப்புச் சக்கரத்தை ஓட்டி, அதன் மேல் கனமாக இரண்டு கோட் அடித்துவிட்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) அந்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். மூன்று எழுத்து விழவே இல்லை. மறுபடி தேய்த்தார், அப்போதும் இல்லை. வண்டியைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். அவர் செய்தது சரிதான். சேஸ் நம்பர் படிக்க முடியாத வண்டி யாருடையது என்று எப்படி நம்புவது? புதிதாக நம்பர் பஞ்ச் அடிக்க ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், நம் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. அந்த அலைச்சலில் நான்கு மாதம் வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையும் அதற்குள் வந்துவிட்டது. அடியில் புதிதாக அடித்திருந்த அண்டர் கோட்டிங்குக்குள் (துரு பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் அடிக்கும் கனமான பூச்சு) ஃப்ளோர் முழுக்க அரித்துப்போனது. தகடு வெட்டி வெல்டிங் வைத்தபோது அந்தச் சூட்டில் வெளிப் பெயிண்டும் கருகியது. திரும்பவும் பெயிண்ட். இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. இருபது வருடம் கழித்தும் அதே வேலையைச் செய்துவிட்டு வண்டி வந்து நிற்கும்போது இன்னும் கூடுதலாக வருகிறது.

துரு மேல் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்தால் துரு நிற்காது. பட்டி ஈரத்தை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். அண்டர் கோட்டிங் அந்த ஈரம் வெளியே போகாமல் மூடிவிடும். நம் பக்கத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். வேதாரண்யம், நாகை பக்கம் உப்புக்காற்று. உள்ளே வந்தால் வண்டி நிற்பது சேற்றிலும் வைக்கோல் தூசியிலும். கதவுக்கு அடியிலும் பக்கவாட்டுப் பெட்டித் தகட்டிலும் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றில் சேறும் உமியும் போய் அடைத்துவிடும். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் இடது முன் சீட்டுக் கீழேதான் தண்ணீர் தேங்கும். அந்தத் தம்பியின் வண்டியில் நடந்தது அதுதான்.

அதனால் வாங்கும்போதே மேட்டைத் தூக்குங்கள். ஸ்டெப்னியை எடுத்து அந்தக் குழியைப் பாருங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடி ஓரத்தில் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பட்டி இருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் விலையைப் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

வாங்கியாகிவிட்டதா? அடியைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அரித்ததை வெட்டி, புதுத் தகடு வைத்து, பிரைமர் அடித்து, துளைகளைத் திறந்து, அப்புறம் அண்டர் கோட்டிங். பெயிண்ட் இதற்கெல்லாம் பிறகு. சேஸ் நம்பர் மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிட்டு வண்டியைப் பெயிண்டரிடம் விடுங்கள்.

ஹேண்ட் பிரேக்

நம் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். கியரில் போட்டு நிறுத்தியே பழகிவிடுகிறோம். வருடக்கணக்கில் இழுக்காத கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நிற்கும். எஃப்.சி. அன்று பலமாக இழுத்தால் பிடிக்காது. பிடித்தால் விடாது. ஒரு முறை அப்படிப் பிடித்த வண்டியைத் தெரியாமல் ஓட்டி வந்து, பின் டிரம்மில் புகை கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன். வாரம் இரண்டு முறையாவது இழுத்து விடுங்கள்.

ஹெட்லைட்டில் பெரிய பல்பு

60/55 வாட்டுக்கு (ஹை பீம் 60, லோ பீம் 55) மேல் போடாதீர்கள். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர்

எஃப்.சி.யில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வழியில் வண்டியை நிறுத்துவது இதுதான். கடலோரப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காரை படிந்து அடைக்கும், எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போகும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் ஊற்றுங்கள்.

எலி

அறுவடை முடிந்ததும் வயலை விட்டு பானெட்டுக்குள் வரும். தை, மாசியில் வாரம் ஒருமுறை திறந்து ஒயரைப் பாருங்கள்.

கடன்

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

தேதி

ஆர்.சி. முடிவதற்கு 60 நாளுக்கு முன்பிருந்தே புதுப்பிக்கும் விண்ணப்பமான ஃபார்ம் 25 கொடுக்கலாம். புதுப்பித்தால் 5 வருடம் கிடைக்கும். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, அதையும் கணக்கில் வையுங்கள். கடைசி வாரத்தில் வந்தால் தகடு வெட்ட நேரம் இருக்காது. அந்தத் தம்பிக்கு இன்னும் 23 நாள் இருக்கிறது. நேற்றுதான் இடது பக்க ஃப்ளோரை வெட்டி எடுத்தோம். வலது பக்கம் நாளைக்கு.