சின்னாற்றில் மார்கழிக் காலை நடை

உடுமலையிலிருந்து மறையூர் செல்லும் சாலையில், கேரள எல்லையைத் தாண்டியதும் தொடங்கும் சின்னாறு சரணாலயம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மார்கழி, தை மாதங்களே அங்கு நடப்பதற்கு மிக ஏற்றவை என்பது என் கருத்து. வனத்துறையின் வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம். விடியற்காலைக் குளிருக்குத் தடித்த கம்பளிச் சட்டை ஒன்றைவிட, வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்ளத்தக்க மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே நல்லது.

இங்கு அவசியம் காண வேண்டியது நரை அணில். ஆற்றோர நீர்மருத மரங்களில், பக்கத்து மரத்தின் கிளைகளோடு பின்னிக்கொள்ளும் உச்சியில், இலையும் குச்சியும் சேர்ந்த பந்து போன்ற கூடு தென்பட்டால், சற்றுத் தள்ளி அமர்ந்து கால் மணி நேரமாவது பேசாமல் காத்திருங்கள். ஆளரவம் கேட்டால் அது கிளையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும் என்பதால், உடலைத் தேடாமல், கீழே தொங்கும் நீண்ட நரைத்த வாலைத் தேடுங்கள். பெரும்பாலும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

யானையின் மோப்பம் மிகக் கூர்மையானது. புதர் அடர்ந்த திருப்பங்களில் ஒரு சிட்டிகை உலர்ந்த மண்ணை விரலிடுக்கில் உதிர்த்துக் காற்றின் திசையை அறிந்துகொண்டு, வழிகாட்டி கையசைத்த பின்னரே அடுத்த அடி எடுத்து வையுங்கள்.