கிருஷ்ணகிரியில இருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸுக்கு கான்வாயா போறது எப்படி

வருஷா வருஷம் எங்க கார் கிளப் சென்னை பக்கம் ஸ்ரீபெரும்புதூர்கிட்ட இருக்கற இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு கான்வாயா, அதாவது ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா, ரேஸ் பாக்க போகுது, இந்த தடவ புதுசா நாலஞ்சு பேர் வரோம்னாங்க, அவங்களுக்காகதான் இது.

மொதல்ல டைம். கிருஷ்ணகிரில சென்னை ரோடு திரும்புற இடத்துல காலைல மூணே முக்காலுக்கு எல்லா வண்டியும் நிக்கணும், தர்மபுரிக்காரங்க அதுக்கு மூணு மணிக்கு முன்னாடியே கெளம்பிடணும். ஏன் அவ்ளோ சீக்கிரம்னா நாம போறது கெழக்க பாத்து, விடிஞ்சதும் சூரியன் நேரா கண்ணுல அடிக்கும், அதுக்குள்ள வேலூரப் புடிச்சிட்டா பாதி தூரம் முடிஞ்ச மாதிரி. ஃபாஸ்டேக்ல முந்தின நாளே காசு போட்ருங்க, வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜானு டோல் வந்துட்டே இருக்கும், ஒருத்தர் மாட்டுனா பின்னாடி வர அத்தன பேரும் நிக்கணும்.

வரிசைல இருக்கறதுலயே பழைய வண்டிதான் மொதல்ல போகும், எங்க கிளப்ல அது ஒரு ப்ரீமியர் பத்மினி. அது அறுபதுல போனா எல்லாரும் அறுபதுதான், புது எஸ்யூவி வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு ஓவர்டேக் பண்ணாதீங்க. அந்த வண்டிக்காரர் சோழவரத்துல பழைய விமான ஓடுபாதைல ரேஸ் நடந்த காலத்துலயே பஸ் புடிச்சு போய் பாத்தவரு, அவருக்கு பின்னாடி போறதுதான் எங்களுக்கு மரியாத.

பத்மினி மாதிரி கார்புரேட்டர் வண்டி எடுத்துட்டு வரவங்க ஒரு பழைய காட்டன் துணியும் ரெண்டு பாட்டில் தண்ணியும் டிக்கில வச்சுக்கோங்க. வெயில்ல இன்ஜினுக்கு பெட்ரோல் அனுப்புற பம்ப் சூடாகி உள்ள இருக்கற பெட்ரோல் ஆவியாயிடும், வண்டி திக்கித் திக்கி நின்னுடும். பயப்படாதீங்க, ஓரங்கட்டி பானட்டத் தூக்கி, ஈரத்துணிய பம்ப் மேல சுத்திட்டு பத்து நிமிஷம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

ட்ராக் 3.7 கிலோமீட்டர், 1990ல தெறந்தது, ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நம்ம நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்துல ஓட்டுன எடம். உள்ள போனதும் சி1னு சொல்ற மொதல் வளைவு தெரியற பக்கமா எடம் புடிங்க. நேர் ரோட்டுல ஃபுல்லா வந்து ப்ரேக் அடிச்சு கியர் எறக்கறப்போ ஒவ்வொரு எறக்கத்துக்கும் சத்தம் நெஞ்சுல வந்து தட்டும், அத டிவில கேக்கவே முடியாது. கொழந்தைங்களுக்கு காத மூடற இயர் மஃப் கட்டாயம், பஞ்சு பத்தாது. தொப்பி, தண்ணி சொல்லவே வேண்டாம்.

திரும்பும்போது ஆம்பூர்ல பிரியாணி, கூட கத்திரிக்காய். முன்கூட்டியே எத்தன பேர்னு கடைக்கு போன் போட்டு சொல்லிடுங்க.

வீட்டுக்கு போனதும் குரூப்ல ஒரு வாய்ஸ் போடணும். தர்மபுரி வண்டிங்கதான் கடைசி, அது வர வரைக்கும் நான் தூங்கறதில்ல.