ஸ்டார் போடும் முன் ஒரு எக்கோ

பெங்களூரில் அல்சூர் பக்கம் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் சேலத்துத் தம்பி ஒருநாள் ராத்திரி லேப்டாப்போடு வந்து நின்றான். "அண்ணா, லாக் ஃபைலை அழிக்கச் சொன்னா, '.லாக்'னு ஒரு ஃபைலே இல்லைங்குது." எட்டிப் பார்த்தேன். ஃபைலை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளையை 'ஆர்எம் *.லாக்' என்று அடிக்க வேண்டியவன், 'ஆர்எம் * .லாக்' என்று அடித்திருக்கிறான், ஸ்டாருக்கும் புள்ளிக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ். அதாவது, இங்கே இருக்கிற ஃபைலையெல்லாம் அழி, அப்புறம் .லாக் என்று ஒன்று இருந்தால் அதையும் அழி. முதல் வேலையை ஆர்எம் சத்தமில்லாமல் முடித்துவிட்டு இரண்டாவதற்குத்தான் புகார் சொல்லியிருக்கிறது.

பலருக்கும் பிடிபடாத விஷயம், ஸ்டார் ஆர்எம் கைக்குப் போவதே இல்லை என்பது. நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல்தான் அதை விரித்து ஃபைல் பெயர்களாக எழுதிக் கொடுக்கிறது. அதனால் சரிபார்க்க வேண்டியதும் அங்கேதான்: முதலில், கொடுத்ததை அப்படியே திரையில் காட்டும் எக்கோவை வைத்து 'எக்கோ *.லாக்' அடித்து வருகிற பட்டியலைப் பார்த்துவிட்டு, மேல் அம்புக்குறியை அழுத்தி, எக்கோவை மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள். புதிதாக அடிக்காதீர்கள், ஸ்பேஸ் அப்போதுதான் நுழையும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஷெல்லான பாஷில் கன்ட்ரோல்-எக்ஸ் தட்டி ஸ்டார் போட்டால் அந்த வரியிலேயே பெயர்கள் விரியும்.

ஷெல் விரிப்பதால் இன்னொரு வம்பும் உண்டு. '-ஆர்எஃப்' என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடந்தால் ஆர்எம் அதை ஆப்ஷன் என்றே எடுத்துக்கொண்டு ஃபோல்டர்களையும் சேர்த்து வழித்துவிடும். வெறும் * போடாமல் ./* போட்டால் தப்பலாம்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் 'அழிக்கவா?' என்று கேட்கும் சின்ன ஐ (-i) ஆப்ஷனை, ஆர்எம் அடித்தாலே தானாகச் சேரும்படி ஏலியஸாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நூறு முறை கேட்டால் படிக்காமலே 'ஒய்' அடிக்கக் கை பழகிவிடும், ஏலியஸ் இல்லாத சர்வரில் அதே தைரியத்தோடு அடிப்போம். லினக்ஸில் பெரிய ஐ (-I) தேவலை, மூன்றுக்கு மேல் ஃபைல் இருந்தால் ஒரே ஒரு முறை கேட்கும். மேக்கில் 2019-இலிருந்து இயல்பாக வரும் இசட்ஷெல், வெறும் ஸ்டாரைப் பார்த்தால் தானே கேட்கும். பாஷ் கேட்காது. தம்பி வீட்டில் மேக், அடித்தது சர்வரில்.

கட்டளைகளை ஃபைலில் எழுதி ஓட்டும் ஸ்கிரிப்ட் என்றால் இன்னும் மோசம். ஃபோல்டர் பெயர் இருக்க வேண்டிய வேரியபிள் காலியாக இருந்தால், பின்னால் வரும் /* மட்டும் மிஞ்சும், அதாவது மொத்த சிஸ்டமும். தனி / ஆக இருந்தால் லினக்ஸ் ஆர்எம் மறுக்கும், /* என்றால் மறுக்காது. வேரியபிள் பெயரைச் சுருள் அடைப்புக்குள் எழுதி, அடைப்புக்குள்ளேயே பெயரை ஒட்டி :? சேருங்கள், காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

தம்பியின் கோட், பழைய பிரதிகளைச் சேர்த்துவைக்கும் கிட்டில் (git) இருந்தது. கான்ஃபிக் ஃபைல்கள் இல்லை, அவற்றை விடியும்வரை உட்கார்ந்து அடித்தான்.